ஐந்து பந்தயம், ஐந்து தங்கம்: எரிக் ஹைடன் அதை எப்படிச் செய்தார்?

கேள்வி: 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் எரிக் ஹைடன் 500 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை ஐந்து வேக ஸ்கேட்டிங் போட்டிகளிலும் தங்கம் வென்றதாகப் படித்தேன். உசேன் போல்ட் 100 மீட்டரோடு 10,000 மீட்டரையும் ஜெயித்த மாதிரி என்கிறார்கள். அது சரியா? எப்படிப் பயிற்சி செய்தார், பிறகு என்ன ஆனார், இப்போது யாராலாவது முடியுமா?

போல்ட் ஒப்பீடு கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது. தூரத்தை விட்டுவிட்டு, உடம்பு எத்தனை நேரம் உழைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹைடன் 500 மீட்டரை 38.03 வினாடியில் முடித்தார்; ஓட்டத்தில் அது 400 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உழைப்பு. 10,000 மீட்டருக்கு 14 நிமிடம் 28.13 வினாடி. அந்த நேரத்தில் ஒரு நல்ல ஓட்டக்காரர் 5,000 மீட்டரை முடித்துவிடுவார். ஆக, 400 முதல் 5,000 வரை உள்ள ஓட்டங்களை எல்லாம் ஒரே ஆள் ஒன்பது நாளில் ஜெயிப்பது என்பதுதான் நியாயமான ஒப்பீடு. இப்படிக் குறைத்துச் சொன்னாலும் தடகளத்தில் அதற்குப் பக்கத்தில் வந்தவர் யாரும் இல்லை.

வேக ஸ்கேட்டிங்கைத் தமிழில் பனிச்சறுக்கு என்று எழுதிவிடுவதுண்டு. பனிச்சறுக்கு மலைச்சரிவில் இறங்குவது. இது உறையவைத்த 400 மீட்டர் நீள்வட்டத் தளத்தில் சுற்றுவது. ஒரு நேரத்தில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு லேன். எதிர்ப்பக்க நேர்பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் லேன் மாறிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் வெளி லேனில் இருப்பவர் அதிக தூரம் போக வேண்டிவரும். மாறும் இடத்தில் இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்தால் உள் லேனிலிருந்து வெளியே வருபவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். மோதினால் தப்பு அவர் பேரில். பக்கத்தில் இருப்பவரை முந்தினால் மட்டும் போதாது. எல்லா ஜோடிகளும் ஓடி முடித்த பிறகு யாருடைய நேரம் குறைவு என்பதுதான் கணக்கு.

ஹைடன் 1958 ஜூன் 14 அன்று விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் பிறந்தவர். அப்பா எலும்பு முறிவு மருத்துவர். தங்கை பெத்தும் ஸ்கேட்டர். அதே 1980 ஒலிம்பிக்கில் 3,000 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். அண்ணன் தங்கை இருவருக்கும் பயிற்சியாளர் டயான் ஹோலம், 1972 ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கம் வென்றவர். அந்தக் காலத்தில் செயற்கையாக உறையவைத்த 400 மீட்டர் தளம் அமெரிக்கா முழுக்க ஒன்றே ஒன்றுதான் வெகுநாள் இருந்தது: மில்வாக்கியை ஒட்டிய வெஸ்ட் அலிஸில். மேடிசனிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். தினமும் அங்கே போய் வர முடியாது என்பதால் பயிற்சியின் பெரும்பகுதி ஐஸ் இல்லாமலேதான் நடந்தது. குறை என்று தோன்றும் இந்த ஏற்பாடுதான் அவருடைய பலமாக ஆனது என்பது என் கருத்து. ஏன் என்று புரிய, இந்த விளையாட்டில் கால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஓடும்போது தரையைப் பின்னால் தள்ளுகிறோம். ஸ்கேட்டில் அது நடக்காது. பிளேடு முன்னும் பின்னும் வழுக்கும் என்பதால் பின்னால் தள்ளினால் பிடிமானமே கிடைக்காது. பிளேடு பிடிக்கும் ஒரே திசை பக்கவாட்டு. எனவே ஒரு காலில் முழு எடையையும் போட்டு வழுக்கிக்கொண்டே, உடம்பை எதிர்ப்பக்கமாக விழவிட்டு, அந்தக் காலைப் பக்கவாட்டில் நீட்டித் தள்ள வேண்டும். தள்ளும் தூரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகம். நீளமாகத் தள்ள, தாழ உட்கார வேண்டும். முழங்கால் 90 முதல் 110 பாகைவரை மடங்கி, முதுகு தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கும் அந்த நிலைதான் இந்த விளையாட்டின் உயிர். காற்றைக் கிழிக்கவும் அதுவே வேண்டும். ஸ்கேட்டரை இழுத்துப் பிடிக்கும் தடையில் பெரும்பங்கு காற்று. ஐஸின் உராய்வு சிறுபங்குதான்.

ஆனால் அப்படி உட்கார்ந்தபடியே இருந்தால் தொடைத் தசை இறுகி, தன் ரத்த ஓட்டத்தைத் தானே நெருக்கிக்கொள்கிறது. ஆக்ஸிஜன் குறைகிறது, லாக்டிக் அமிலம் சேருகிறது, தொடை எரிகிறது. பாதிப் பந்தயத்தில் ஸ்கேட்டர் தன்னையறியாமல் இரண்டு அங்குலம் எழுந்துவிடுவார். எழுந்ததும் காற்று பிடிக்கும், தள்ளும் நீளம் குறையும், சுற்று நேரம் அரை வினாடி, ஒரு வினாடி என்று ஏறும். 10,000 மீட்டரில் தோற்பவர்களில் பலர் மூச்சு வாங்கித் தோற்பதில்லை. இடுப்பு உயர்ந்து தோற்கிறார்கள்.

ஹைடனின் தொடைச் சுற்றளவு 29 அங்குலம் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. இடுப்பு 32 அங்குலம்தான். கடைக் கால்சட்டை எதுவும் பொருந்தாது. அந்தத் தொடை வேகத்துக்காக மட்டும் வளர்ந்தது என்று நினைத்தால் பாதி விஷயம் தவறிப்போகும். 25 சுற்றும் எழாமல் உட்கார்ந்திருக்கவும் அதே தொடைதான் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. அப்போதைய ஸ்கேட்டில் பிளேடு குதிகால், முன்கால் இரண்டிலும் ஷூவோடு இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தது. தள்ளலின் கடைசியில் கணுக்காலை நீட்டினால் பிளேடின் முனை ஐஸில் குத்தி பிரேக் போட்டுவிடும். அதனால் முழங்கால் முழுதாக நீளும் முன்பே தள்ளலை நிறுத்தி, பாதத்தைத் தட்டையாகத் தூக்க வேண்டும். கெண்டைக்கால் தசைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. முழுப் பாரமும் தொடைக்கும் பிட்டத்துக்கும்.

இதை வளர்க்கத்தான் ஐஸ் இல்லாத மாதங்கள். எடைப் பயிற்சி, சைக்கிள், ஓட்டம், அவற்றோடு இரண்டு விசேஷங்கள். ஒன்று தாழ்நடை: ஸ்கேட்டிங் நிலையில் உட்கார்ந்தபடியே, கை முதுகில், இடுப்பு ஏறாமல் நடப்பது. வாத்து நடப்பது போல இருக்கும், பார்த்தால் சிரிப்பு வரும். செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிடும். இன்னொன்று சறுக்குப் பலகை: ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள வழவழப்பான பலகை, இரு முனையிலும் மரத்தடுப்பு. ஷூவுக்கு மேல் கம்பளி சாக்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு தடுப்பை உதைத்து மறுமுனைவரை வழுக்கி, அங்கே உதைத்துத் திரும்ப வேண்டும். இதில் எல்லோரும் செய்யும் தப்பு, தடுப்பில் வந்து சேர்ந்ததும் எடையை இரு காலிலும் போட்டுக்கொள்வது. அப்படிப் பழகியவர் ஐஸிலும் இரு காலில் நிற்பார், தள்ளல் பாதியாகிவிடும். மூக்கு, முழங்கால், கால்விரல் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் ஒரு காலின் மேல் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பது வழக்கம். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தவருக்கு அந்த உட்காரும் நிலை நிற்பதுபோல இயல்பாகிவிடும்.

பிளேடைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பயிற்சியெல்லாம் ஒரு பிசிறில் போய்விடும் விளையாட்டு இது. 400 மீட்டர் தளத்தில் ஓடும் இந்த நீளத்தடப் பிளேடு 40 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. அடிப்பக்கம் நேராக இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் 20 மீட்டருக்கு மேற்பட்ட ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு வில் அது. ஹாக்கி ஸ்கேட்டில் இருப்பதுபோல நடுவில் குழிவு கிடையாது. அடி தட்டை, இரு ஓரமும் செங்கோணம். சாணை பிடிப்பதை ஸ்கேட்டரே செய்வார். இரண்டு ஸ்கேட்டையும் தலைகீழாக ஒரு சட்டத்தில் பக்கம் பக்கமாக இறுக்கி, தட்டைக் கல்லை இரண்டு பிளேடின் மேலும் ஒருசேரப் படும்படி குறுக்குவாட்டில் தேய்க்க வேண்டும். கல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஓரம் செங்கோணமாக இருக்காது, ஒரு கால் பிடிக்கும், இன்னொன்று நழுவும். தேய்க்கத் தேய்க்க ஓரத்தில் கம்பிபோல மெல்லிய பிசிறு எழும். அதைச் சிறு கல்லால் பக்கவாட்டில் வைத்து எடுக்க வேண்டும். அழுத்தி எடுத்தால் ஓரமே மழுங்கிவிடும், எடுக்காமல் விட்டால் முதல் வளைவிலேயே மடிந்து கால் வழுக்கும். சோதிக்க, நகத்தை ஓரத்தில் குறுக்காக லேசாக இழுப்பார்கள். நகத்தூள் சீவி வந்தால் சரி. அதன் பிறகு உறை போடாமல் கான்கிரீட்டில் நான்கு அடி நடந்தால் எல்லாம் வீண்.

வளைவில் இந்த ஓரம் தாங்கும் பளுவை ஒரு கணக்கில் பாருங்கள். வினாடிக்கு 13 மீட்டர் வேகம், உள் லேன் வளைவின் ஆரம் 25 மீட்டருக்குச் சற்று அதிகம். உடல் செங்குத்திலிருந்து 34 பாகை அளவுக்கு உள்ளே சாய்ந்தால்தான் விழாமல் திரும்ப முடியும். அந்தச் சாய்வில் வலது காலை இடது காலுக்கு மேல் குறுக்கே வைத்துக்கொண்டே போக வேண்டும். ஐஸில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும்.

இப்போது ஹைடனின் கணக்குக்கு வருவோம். 1976 இன்ஸ்ப்ரக் ஒலிம்பிக்கில் 17 வயதில் கலந்துகொண்டு 1,500 மீட்டரில் ஏழாவது, 5,000 மீட்டரில் 19ஆவது. அடுத்த ஆண்டே உலக ஆல்ரவுண்ட் பட்டம், உலக ஸ்பிரிண்ட் பட்டம், உலக ஜூனியர் பட்டம் மூன்றும் அவரிடம். ஆல்ரவுண்டில் பட்டம் வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். ஆல்ரவுண்ட் என்றால் 500, 1,500, 5,000, 10,000 நான்கையும் ஓடி, ஒவ்வொரு நேரத்தையும் 500 மீட்டருக்கான சராசரியாக மாற்றிக் கூட்டுவது. குறைந்த கூட்டுத்தொகைக்குப் பட்டம். ஸ்பிரிண்ட் என்றால் 500, 1,000 மட்டும். இரண்டும் இரு வேறு உடல்வாகுக்கானவை என்று அன்றும் எல்லோரும் சொன்னார்கள். ஹைடன் 1977, 1978, 1979 மூன்று ஆண்டும் இரண்டையும் சேர்த்தே வென்றார். நார்வேயிலும் நெதர்லாந்திலும் அவர் தெருவில் நடந்தால் கூட்டம் கூடியது. சொந்த நாட்டில் பெயர் தெரிந்தவர் குறைவு.

1980 ஒலிம்பிக் நடந்த லேக் பிளாசிடில் தளம் திறந்தவெளியில், ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு முன்னால். காற்றும் குளிரும் எல்லோருக்கும் பொது. பிப்ரவரி 15 அன்று 500 மீட்டர். அவருடைய ஜோடி சோவியத்தின் யெவ்கெனி குலிகோவ்: நடப்பு ஒலிம்பிக் சாம்பியன், 37.00 வினாடி உலக சாதனையும் அவருடையதே. ஐந்தில் ஹைடனுக்குக் கைவிட்டுப் போகக்கூடியது இதுதான் என்பது பலரின் எண்ணம். ஹைடன் 38.03, குலிகோவ் 38.37. மறுநாளே 5,000 மீட்டர். முந்தின நாள் வெடிப்பு வேகத்துக்குத் தயாரான காலை மறுநாள் ஏழு நிமிடம் அடக்கி ஓட்ட வேண்டும், இது பலர் கவனிக்காமல் விடும் சிரமம். 7:02.29 எடுத்தார், நார்வேயின் கே ஸ்டென்ஷெம்மட்டைவிட 0.99 வினாடி முன்னால். ஐந்திலும் வயிற்றைக் கலக்கிய வெற்றி என்றால் 500 மீட்டருக்கு அடுத்து இதைத்தான் சொல்ல வேண்டும்.

19ஆம் தேதி 1,000 மீட்டர்: 1:15.18. இரண்டாவது வந்த கனடாவின் கெய்ட்டான் பூஷேவுக்கும் அவருக்கும் ஒன்றரை வினாடி இடைவெளி. அந்தத் தூரத்தில் அது பெரிய பள்ளம். 21ஆம் தேதி 1,500 மீட்டர். இதில்தான் ஐஸின் கீறல் ஒன்றில் கால் சிக்கித் தடுமாறினார். இப்படித் தடுமாறினால் பெரும்பாலானோர் சட்டென்று எழுந்து கையை விரித்துச் சமாளிப்பார்கள், அதிலேயே ஒரு வினாடி போய்விடும். தாழ உட்காரும் நிலை எலும்பில் ஊறியவருக்கு உடல் தானாகத் தாழ்ந்தே நிலைபெறும். அவர் எழவில்லை. 1:55.44, இரண்டாம் இடத்துக்கு 1.37 வினாடி முன்னால்.

22ஆம் தேதி இரவு அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி சோவியத்தைத் தோற்கடித்த ஆட்டம். ஹைடன் அதைப் பார்க்கப் போனார், பரவசத்தில் தூக்கம் வர நேரமாயிற்று, காலையில் அதிகம் தூங்கிவிட்டு நாலு துண்டு ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு தளத்துக்கு ஓடினார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட ருசியானது அன்றைய 10,000 மீட்டரின் சுற்றுக் கணக்கு. 14:28.13 என்றால் 25 சுற்றுக்குச் சராசரி 34.7 வினாடி, அதாவது மணிக்கு 41 கிலோமீட்டருக்கு மேல், கால் மணி நேரம். இருந்த உலக சாதனை 14:34.33. வேகமான ஐஸுக்குப் பேர்போன கஜகஸ்தானின் மெடேயோ மலைத்தளத்தில் 1977இல் பதிவானது அது. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதும் அதற்குத் துணை. ஹைடன் அதைத் தாழ்ந்த ஊரில், எட்டு நாளில் நான்கு பந்தயம் ஓடிய காலோடு, 6.20 வினாடி குறைத்தார். இரண்டாவது வந்த பீட் க்ளெய்ன 1976இல் இதே தூரத்தில் தங்கம் வென்றவர்; நேரம் 14:36.03. அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கா வாங்கிய மொத்தத் தங்கம் ஆறு. ஒன்று ஹாக்கி அணி, மீதி ஐந்தும் ஹைடன்.

ஒரு வாரம் கழித்து ஹீரன்வீனில் நடந்த உலக ஆல்ரவுண்ட் போட்டியில் நெதர்லாந்தின் ஹில்பர்ட் ஃபான் டெர் டுய்ம் அவரைத் தோற்கடித்தார். அதோடு ஸ்கேட்டை மாட்டிவைத்தார் ஹைடன். வயது 21. விளம்பர வாய்ப்புகள் பெரும்பாலானவற்றைத் தட்டிக்கழித்தார். இதை வீண் என்பவர்கள் உண்டு. பேர் பெற்ற பிறகு நிம்மதியாகப் பயிற்சி செய்ய முடியாது என்பதும், மருத்துவம் படிக்க வயது போய்க்கொண்டிருந்ததும் போதுமான காரணங்கள் என்றே படுகிறது. சும்மாவும் இருக்கவில்லை: சைக்கிள் பந்தயத்துக்குப் போனார். இரண்டுக்கும் உழைக்கும் தசை ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஸ்கேட்டர்கள் சைக்கிளுக்குத் தாவுவது இன்றும் சகஜம். செவன்-லெவன் அணியில் சேர்ந்து 1985இல் அமெரிக்கத் தொழில்முறை சாலைப் பட்டம் வென்றார். 1986இல் மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். 80 கிலோவுக்கு மேற்பட்ட அந்த உடம்பு ஏற்றங்களில் பாரம்தான். ஆனாலும் முடிய ஐந்து நாள் இருக்கும்வரை தாக்குப்பிடித்து, ஓர் இறக்கத்தில் விழுந்து தலையில் அடிபட்டு விலகினார். நடுவில் ஸ்டான்ஃபோர்டில் பட்டம், 1991இல் அங்கேயே மருத்துவப் பட்டம். அப்பாவைப்போலவே எலும்பு மருத்துவர்.

பிறகு அமெரிக்க வேக ஸ்கேட்டிங் அணிக்கு மருத்துவராகப் பல ஒலிம்பிக்குகளுக்குப் போனார். 2009 செப்டம்பரில் குறுந்தட வீரர் ஜே. ஆர். செல்ஸ்கி ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் விழுந்து, தன் வலது ஸ்கேட்டின் பிளேடே இடது தொடையில் எலும்புவரை இறங்கியது. அவரைத் தேற்றிய மருத்துவர் குழுவில் ஹைடனும் இருந்தார். ஐந்து மாதத்தில் செல்ஸ்கி வான்கூவர் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். குறுந்தடம் 111.12 மீட்டர் சுற்று, நாலைந்து பேர் ஒரே தளத்தில் நெருக்கியடித்து ஓடுவது. அங்கே வெட்டுக்காயம் தொழில் ஆபத்து, வெட்டு விழாத துணி கட்டாயமானதும் இதனால்தான்.

கடைசிக் கேள்வி: இப்போது முடியுமா? மூன்று விஷயங்கள் மாறிவிட்டன. ஒன்று, தளங்கள் கூரைக்குள் போய்விட்டன. ஒலிம்பிக்கில் அது 1988 கல்கரியில் தொடங்கியது; 1992 அல்பர்ட்வில்லில் மட்டும் மறுபடி திறந்தவெளி, அதன் பிறகு எல்லாம் கூரைக்குள்தான். இரண்டு, ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரேயே பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்து 1990களின் நடுவில் பந்தயத்துக்கு வந்த கிளாப் ஸ்கேட். குதிகாலில் பிளேடு விடுபட்டு முன்காலில் கீலோடு நிற்கும். தள்ளலின் கடைசியில் கணுக்கால் நீளலாம், முனை குத்தாது. பிளேடு திரும்ப வந்து ஷூவில் மோதும் சத்தம்தான் பெயருக்குக் காரணம். 1998 நாகனோ ஒலிம்பிக்குக்குள் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். அன்று சும்மா இருந்த கெண்டைக்கால் இன்று வேலை செய்கிறது. 500 மீட்டர் உலக சாதனை 2019இல் 33.61க்கு வந்துவிட்டது, 10,000 மீட்டரில் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்வீடனின் நில்ஸ் ஃபான் டெர் பூல் 12:30.74. ஹைடனைவிட ஏறக்குறைய இரண்டு நிமிடம் குறைவு. இந்த வித்தியாசத்தில் எத்தனை பங்கு கருவி, எத்தனை பங்கு கால் என்று பிரிக்கவே முடியாது. இரண்டு தலைமுறையை நேரம் வைத்து ஒப்பிடுவது வெட்டிவேலை.

மூன்றாவதுதான் பெரிய தடை: தனித்தனித் தூரத்துக்குத் தனித்தனி ஆட்கள். நில்ஸ் போன்ற நெடுந்தூரக்காரர்கள் வாரக்கணக்கில் சைக்கிளில் மணிக்கணக்காகச் சுற்றுவதே பயிற்சி. 500 மீட்டர்க்காரர் அப்படிச் செய்தால் வெடிப்பு வேகம் மங்கிவிடும். 1994 ஒலிம்பிக்கில் நார்வேயின் யோகான் ஓலாவ் காஸ் 1,500, 5,000, 10,000 மூன்றையும் உலக சாதனையோடு வென்றார்; 500 பக்கம் அவர் போகவில்லை. வெளியாட்களும் நுழைந்தார்கள். உருளைச் சக்கர ஸ்கேட்டில் வளர்ந்த ஃபுளோரிடாக்காரர் எரின் ஜாக்சன் ஐஸுக்கு வந்த சில ஆண்டுகளில் 2022இல் பெண்கள் 500 மீட்டர் தங்கம் வென்றார். பக்கவாட்டுத் தள்ளல் இரண்டிலும் ஒன்றுதான். சென்னையில் சக்கர ஸ்கேட் ஓட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் சக்கர ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய இந்திய அணிகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கொஞ்சமாவது ஹைடனின் சாயல் தெரிபவர் ஜோர்டன் ஸ்டோல்ஸ். 2023 உலகப் போட்டியில் 18 வயதில் 500, 1,000, 1,500 மூன்றிலும் தங்கம். 2024இல் 10,000 மீட்டரையும் ஓடி உலக ஆல்ரவுண்ட் பட்டம். அவரும் விஸ்கான்சின்காரர். அவர் பயிற்சி செய்யும் கூரைபோட்ட தளம், ஹைடன் ஓடிய வெஸ்ட் அலிஸ் திறந்தவெளித் தளத்துக்குப் பதிலாக அதே வளாகத்தில் கட்டப்பட்டது.